50 நானோமீட்டர் உப்புத்தண்ணீர்: உல்மிலிருந்து பாசல் வரை

திங்கள், உல்ம்

ஸ்டுட்கார்ட்டிலிருந்து புதிய அதிவேகப் பாதையில் வந்தால் உல்முக்கு முக்கால் மணி நேரம்தான். ஊர் பார்க்க வருகிறவர்கள் 161 மீட்டர் உயரத் தேவாலயக் கோபுரத்தை நோக்கி நடப்பார்கள். நரம்பணுவும் (நியூரான்) சிலிக்கான் சிப்பும் சேர்ந்த கதை வேண்டும் என்றால் எதிர்ப்பக்கம், எஸல்ஸ்பெர்க் குன்றுக்குப் போக வேண்டும். 2ஆம் எண் டிராம் பல்கலைக்கழகம்வரை ஏறுகிறது.

1991இல் இங்கே ஆய்வாளர் பீட்டர் ஃப்ரோம்ஹெர்ஸும் குழுவினரும் மருத்துவ அட்டையின் ஒற்றை நியூரானை ஒரு டிரான்சிஸ்டர் மேல் உட்காரவைத்தார்கள். செல் துடித்தபோது, அதாவது மின்துடிப்பு விட்டபோது, டிரான்சிஸ்டரின் மின்னோட்டமும் கூடவே அசைந்தது.

ஏன் அட்டை? அதன் உடல் நெடுக 21 நரம்பு முடிச்சுகள். ஒவ்வொரு முடிச்சிலும் ரெட்ஸியஸ் செல் என்ற பெரிய நியூரான்கள் ஒரு ஜோடி. எலி மூளையின் நியூரான் 10 முதல் 20 மைக்ரோமீட்டர் என்றால் இது 60 மைக்ரோமீட்டர் அளவு. செல் பெரிதானால் சிப்போடு ஒட்டும் பரப்பும் பெரிது, சிக்னலும் பெரிது. அட்டை குளிர் ரத்தப் பிராணி என்பதால் இன்னொரு சௌகரியமும் உண்டு: 37 டிகிரி இன்குபேட்டரும் கார்பன் டைஆக்சைடு சிலிண்டரும் தேவையில்லை, அறை வெப்பநிலையிலேயே செல் பிழைத்துக் கிடக்கும்.

செல்லை எடுப்பது கைவேலை. முடிச்சை நுண் ஊசிகளால் விரித்துக் குத்தி, மேலுறையைக் கீறி, கொலாஜனேஸ்-டிஸ்பேஸ் நொதிக் கரைசலில் ஊறவிட வேண்டும். உறை தளர்ந்ததும் கண்ணாடிப் பைப்பெட்டால் செல்லை மெல்ல உறிஞ்சுவார்கள். பைப்பெட்டின் முனையை முன்கூட்டியே நெருப்பில் காட்டி மழுக்கியிருக்க வேண்டும், கூராக விட்டால் சவ்வு கிழியும். காற்றுக்குமிழி பட்டாலும் செல் அந்த இடத்திலேயே உடைந்துவிடும். ஆகவே பைப்பெட்டுக்குள் திரவம் இடைவெளியில்லாமல் நிறைந்திருக்க வேண்டும்.

சிப் பக்கம் வருவோம். வழக்கமான டிரான்சிஸ்டரில் ஆக்சைடு படலத்தின் மேல் கேட் என்ற மின்முனை இருக்கும். அதில் கொடுக்கும் மின்னழுத்தம்தான் கீழே சிலிக்கானில் ஓடும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. இங்கே கேட் கிடையாது. ஆக்சைடு திறந்து கிடக்கிறது, அதன்மேல் செல் ஒட்டுவதற்கான பாலிலைசின் பூசி, நேராக உப்புக்கரைசலும் செல்லும். கரைசலின் மின்னழுத்தத்தை வெள்ளி-வெள்ளி குளோரைடு கம்பி ஒன்று நிலையாகப் பிடித்திருக்கும். செல்லுக்கு அடியில் மின்னழுத்தம் சற்று மாறினால் அதுவே கேட் செய்யும் வேலையைச் செய்துவிடும்.

அந்த ஆக்சைடு வெறும் 10 நானோமீட்டர் அளவுதான், ஆனால் எல்லாமே அதை நம்பித்தான் இருக்கிறது. சிலிக்கானில் ஓடுவது எலெக்ட்ரான், உடலில் ஓடுவது சோடியம், பொட்டாசியம் அயனிகள். இரண்டும் நேருக்கு நேர் தொட்டால் மின்வேதிவினை தொடங்கும். சிப் அரிக்கும், செல் நஞ்சேறிச் சாகும். ஆக்சைடு குறுக்கே நின்றால் மின்புலம் மட்டும் கடக்கும், பொருள் கடக்காது. இந்த வேலையில் இறங்குகிறவர்கள் பலரும் செல்லைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். முதல் கவலை ஆக்சைடில் ஊசித்துளை இருக்கிறதா என்பதாக இருக்க வேண்டும். செல் வைக்கும் முன் வெறும் உப்புக்கரைசல் ஊற்றிக் கசிவு மின்னோட்டத்தை அளந்துவிட்டால் ஒரு வாரத்து வேலை மிஞ்சும்.

செவ்வாய், மார்டின்ஸ்ரீட்

மியூனிக்கில் யு6 மெட்ரோவில் ஏறி குரோஸ்ஹாடர்ன் மருத்துவமனையில் இறங்கினால், அங்கிருந்து மார்டின்ஸ்ரீட்டுக்குப் பேருந்து. மாக்ஸ் பிளாங்க் உயிர்வேதியியல் நிறுவனம் இங்கேதான். 1994இல் ஃப்ரோம்ஹெர்ஸ் உல்மிலிருந்து இங்கே வந்தார். செல்லுக்கும் சிப்புக்கும் நடுவே என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு இங்கே செய்ததுபோல் வேறெங்கும் பொறுமையாக விடை தேடியதில்லை என்பது எங்கள் கருத்து.

செல் சிப்பில் ஒட்டிக்கொள்கிறது என்று சொன்னாலும் உண்மையில் மிதக்கிறது. சவ்வுக்கும் ஆக்சைடுக்கும் நடுவே உப்புத்தண்ணீர்ப் படலம் ஒன்று எப்போதும் இருக்கும். அதை அளக்கச் சிலிக்கானையே முகம் பார்க்கும் கண்ணாடிபோலப் பயன்படுத்தினார்கள். செல் சவ்வில் ஒளிரும் சாயம் ஏற்றினால், நேராக வரும் ஒளியும் சிலிக்கானில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று குறுக்கிடும். சாயம் எவ்வளவு பிரகாசமாகத் தெரியும் என்பது சிலிக்கானிலிருந்து அது எத்தனை நானோமீட்டர் தள்ளியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. சிப்பின் மேல் வெவ்வேறு தடிமனில் ஆக்சைடுப் படிகள் செதுக்கி, ஒரே செல் அந்தப் படிகள்மேல் படர்ந்திருக்கும்போது ஒவ்வொரு படியிலும் பிரகாசத்தை ஒப்பிட்டால் இடைவெளி கணக்கில் வந்துவிடும். பூச்சைப் பொறுத்து 40 முதல் 100 நானோமீட்டர் வரை. லாமினின் போன்ற பெரிய புரதம் பூசினால் செல் நன்றாகப் பிடித்துக்கொள்ளும், ஆனால் அந்தப் புரதமே சவ்வைத் தள்ளியும் நிறுத்தும். செல் சந்தோஷமாக இருக்கும் பூச்சும் சிக்னல் நன்றாக வரும் பூச்சும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இந்த இடைவெளி ஏன் இத்தனை முக்கியம்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். செல் ஒட்டும் வட்டம் 10 மைக்ரோமீட்டர் ஆரம் என்று கொள்வோம். சவ்வின் மின்தேக்குத் திறன் சதுர சென்டிமீட்டருக்கு 1 மைக்ரோஃபாரட். அப்படியானால் ஒட்டிய பகுதிக்கு 3 பிக்கோஃபாரட் சொச்சம். துடிப்பு வரும்போது செல்லுக்குள் மின்னழுத்தம் அரை மில்லிசெகண்டில் 100 மில்லிவோல்ட் ஏறுகிறது, ஆக அந்தப் பகுதி வழியே பாயும் மின்னோட்டம் சுமார் 0.6 நானோஆம்பியர். அது வெளியே தப்பிக்க இருக்கும் ஒரே வழி அந்தத் தண்ணீர்ப் படலம். 50 நானோமீட்டர் தடிமனில் அதன் தடை 1 மெகாஓம் அளவுக்கு வரும். பெருக்கினால் அரை மில்லிவோல்ட்டுக்கு மேல். இதுதான் டிரான்சிஸ்டர் பார்க்கும் சிக்னல். இடைவெளி 100 நானோமீட்டர் ஆனால் பாதியாகும். செல்லின் ஆரம் பாதியானால், அதாவது எலி நியூரான் அளவுக்கு வந்தால், கால்பங்காகும். அட்டையில் தொடங்கியதன் காரணம் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

பெரிய சிக்னல் வந்தால் உடனே மகிழ்ந்துவிடவும் கூடாது. நல்ல செல்லில் சிப் காட்டும் அலை, உள்ளே நடக்கும் துடிப்பின் ஏற்ற இறக்க வேகத்தைப் போல இருக்கும்: ஏறும்போது ஒரு முள், இறங்கும்போது எதிர்த்திசையில் சின்ன முள். அதற்குப் பதிலாகத் துடிப்பின் வடிவமே அப்படியே, பல மில்லிவோல்ட்டில் வந்தால், ஒட்டிய பகுதியில் சவ்வு கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.

சிப்பிலிருந்து செல்லுக்குச் சேதி அனுப்பியது 1995இல். ஆக்சைடுக்கு அடியில் உள்ள சிலிக்கானுக்குத் திடீரென ஒரு மின்னழுத்தப் படி கொடுத்தால், மின்தேக்கி வழியாக ஒரு நொடிப்பொழுது மின்னோட்டம் படலத்தில் பாயும். அது போதுமான அளவு இருந்தால் செல் துடிக்கும். மின்னோட்டம் தொடர்ந்து ஓடாததால் வேதிவினை இல்லை.

அடுத்த கட்டத்தில் குளத்து நத்தையான லிம்னேயா ஸ்டாக்னாலிஸின் நியூரான்கள். இங்கே வந்த சிக்கல் மின்சாரம் சார்ந்ததே அல்ல. நியூரான் புதிய கிளை விட்டு மற்ற செல்களோடு பின்னிக்கொள்ளும்போது அந்தக் கிளைகள் இழுத்த இழுப்பில் செல்லின் உடல் டிரான்சிஸ்டரை விட்டு நகர்ந்துவிடுகிறது. தீர்வு: ஒவ்வொரு டிரான்சிஸ்டரையும் சுற்றிப் பாலிஇமைடு கம்பங்களால் வேலி. செல் உள்ளேயே நிற்கும், கிளைகள் கம்பங்களுக்கு நடுவே வெளியே போகும். 2001இல் இந்த ஏற்பாட்டில் சிப் ஒரு நியூரானைத் தூண்ட, அது மின்வழி இணைப்பில் அடுத்த நியூரானுக்குக் கடத்த, அதைச் சிப் படித்தது. 2004இல் கனடாவின் நவீத் சையதுடன் சேர்ந்து வேதிவழி இணைப்பிலும் இதைச் செய்துகாட்டினார்கள். அந்த வேலியில்தான் இந்தத் துறையின் அடக்கம் தெரிகிறது: செல் தன் இஷ்டத்துக்கு வளரட்டும், நாம் நிற்கும் இடத்தை மட்டும் காட்டுவோம்.

இதே வட்டாரத்தில் இன்ஃபினியன் என்ற சிப் நிறுவனத்தின் பொறியாளர்களோடு சேர்ந்து 2003இல் வெளிவந்த சிப்பில் 1 சதுர மில்லிமீட்டருக்குள் 128க்கு 128, அதாவது 16,384 உணரிகள். 7.8 மைக்ரோமீட்டருக்கு ஒன்று, நொடிக்கு 2,000 படம். எந்த டிரான்சிஸ்டர் மேல் செல்லை வைப்பது என்ற தவிப்பு அதோடு போயிற்று. செல் எங்கே விழுந்தாலும் அடியில் உணரி இருக்கும்.

புதன், ரோய்ட்லிங்கன்

ஸ்டுட்கார்ட்டில் ரயில் மாறி வர வேண்டும். உலகிலேயே குறுகலான தெரு என்று கின்னஸ் பதிவு பெற்ற ஷ்ப்ரோயர்ஹோஃப் சந்து இந்த ஊரில் இருக்கிறது, ஒடுங்கிய இடத்தில் 31 சென்டிமீட்டர். கனமானவர் நுழைந்தால் சுவருக்கும் உடம்புக்கும் நடுவே காற்றுகூடப் புகாது. நேற்று பார்த்த தண்ணீர்ப் படலமும் அப்படித்தான் வேலை செய்கிறது: எவ்வளவு ஒடுங்குகிறதோ அவ்வளவு நல்லது.

இந்த ஊரின் தொழில் வேறு வழியில் போனது. டிரான்சிஸ்டர் இல்லாமல், கண்ணாடித் தகட்டில் வெறும் மின்முனைகள். இந்த வழிக்கு வயது அதிகம்: 1972இலேயே அமெரிக்காவில் கோழிக்குஞ்சின் இதய செல்களைத் தட்டையான மின்முனை வரிசையில் வளர்த்துப் பதிவு செய்திருந்தார்கள், 1980இல் அங்கேயே கால்டெக் பல்கலைக்கழகத்தின் ஜெரோம் பைன் தனியாகப் பிரித்த நியூரான்களில் செய்தார். ரோய்ட்லிங்கனின் என்எம்ஐ ஆய்வு நிறுவனமும் இதே ஊரின் மல்டி சேனல் சிஸ்டம்ஸ் நிறுவனமும் அதை யாரும் வாங்கிப் பயன்படுத்தும் பொருளாக்கின. வழக்கமான தட்டு 49 மில்லிமீட்டர் சதுரக் கண்ணாடி. நடுவில் 8க்கு 8 கட்டத்தில் மூலைகள் நீங்கலாக 60 மின்முனை, ஒவ்வொன்றும் 30 மைக்ரோமீட்டர் விட்டம், 200 மைக்ரோமீட்டர் இடைவெளி. பொருள் டைட்டானியம் நைட்ரைடு. நுண்ணோக்கியில் பார்த்தால் அதன் மேற்பரப்பு கரடுமுரடாகத் தெரியும். அந்தக் கரடால்தான் பரப்பு பெருகி, 1 கிலோஹெர்ட்ஸில் மின்மறுப்பு (மாறுமின்னோட்டத்துக்கான தடை) 30 முதல் 50 கிலோஓம் என்ற அளவுக்கு இறங்குகிறது.

இன்று இரவு எழுதுவதற்கு அதிகம் இருக்கிறது, ஏனென்றால் தட்டு தயார் செய்வதில்தான் பெரும்பாலான சோதனைகள் பாழாகின்றன.

பழைய தட்டு என்றால் முதலில் நொதிச் சோப்புக் கரைசலில் ஒரு ராத்திரி ஊறவைத்துக் காய்ச்சி வடித்த நீரில் பலமுறை அலச வேண்டும். பஞ்சு, துணி, பைப்பெட் முனை எதுவும் நடுப்பகுதியைத் தொடக்கூடாது, டைட்டானியம் நைட்ரைடு உதிரும். காய்ந்த பின் பிளாஸ்மாவில், அதாவது மின்னேறிய வாயுவில், ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். தட்டின் காப்புப் படலமான சிலிக்கான் நைட்ரைடு தண்ணீரை ஒட்டவிடாது. பிளாஸ்மா இல்லாமல் பூசினால் பூச்சு திட்டுத்திட்டாகப் படியும். திட்டாகப் படிந்தது உடனே தெரியாது. இரண்டாவது வாரத்தில் செல்கள் உருண்டை உருண்டையாகக் கூடி, நடுவே கயிறுபோல் நரம்பிழைகள் இழுபட்டு நிற்கும்போதுதான் தெரியும்.

பூச்சுக்குப் பாலிஎதிலீன்இமைன் 0.1 சதவீதம், போரேட் கரைசலில், ராத்திரி முழுக்க. வலுவான பிடிப்பு, மாதக்கணக்கில் தாங்கும். ஆனால் ஒட்டாமல் மிஞ்சியது செல்லுக்கு நஞ்சு. நான்கு முறையாவது கிருமிநீக்கிய நீரில் கழுவிக் காயவிட வேண்டும். போட்ட மறுநாளே செல்கள் எல்லாம் செத்துக் கிடந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தக் கழுவலைத்தான். பாலி-டி-லைசின் மென்மையானது, தவறு செய்தாலும் மன்னிக்கும், ஆனால் மாதங்கள் கடந்தால் ஓரத்திலிருந்து செல்களின் வலை முழுவதும் பாய் சுருள்வதுபோல் உரிந்து வரும். நீண்ட காலப் பதிவுக்கு முதலாவதையே எடுங்கள்.

அதன்மேல் லாமினின், மில்லிலிட்டருக்கு 20 மைக்ரோகிராம், 10 மைக்ரோலிட்டர் துளியாக நடுவில். அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத் துளியை உறிஞ்சிவிட்டு, ஈரம் காயும் முன்னரே செல்கள். எலிக்கருவின் 18ஆம் நாள் மூளைப்புறணியிலிருந்து பிரித்த செல்கள், 15 மைக்ரோலிட்டரில் 75,000 என்பது நல்ல அளவு. துளி பரவி ஓடிவிட்டால் மின்முனைமேல் அடர்த்தி குறையும். ஆகவே சுற்றியுள்ள தரை உலர்ந்திருக்க வேண்டும். மூடி இன்குபேட்டரில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வைத்தால் செல்கள் அமர்ந்துவிடும், பிறகு 1 மில்லிலிட்டர் வெதுவெதுப்பான மீடியத்தை (செல்லுக்கான ஊட்டக் கரைசலை) ஓரமாக, துளித்துளியாக. நடுவில் ஊற்றினால் உட்கார்ந்த செல்கள் கிளம்பிவிடும்.

அதன்பின் வாரம் இரண்டு முறை பாதி மீடியம் மாற்றுவது. முழுவதும் மாற்றக்கூடாது: செல்கள் தாங்களே சுரந்து வைத்திருக்கும் வளர்ச்சிப் பொருள்கள் அதில் இருக்கின்றன. முதல் துடிப்புகள் ஒரு வாரத்தில் அங்கொன்று இங்கொன்றாக. இரண்டாம் வாரத்தில் தட்டு முழுவதும் ஒன்றாக வெடிப்பதுபோல் துடிக்கும். அளவீடு எதையும் மூன்றாம் வாரத்துக்கு முன் தொடங்காதீர்கள், அதுவரை வலையின் குணம் நாளுக்கு நாள் மாறிக்கொண்டேயிருக்கும்.

செல்களைக் கொல்வது பெரும்பாலும் கிருமி அல்ல, ஆவியாதல்தான். 1 மில்லிலிட்டரில் கொஞ்சம் தண்ணீர் பறந்தால் உப்பின் செறிவு ஏறிவிடும், நியூரான் அதைப் பொறுக்காது. 2001இல் கால்டெக்கின் ஸ்டீவ் பாட்டரும் தாமஸ் டிமார்ஸும் இதற்கு எளிய வழி காட்டினார்கள்: மெல்லிய ஃப்ளூரோபாலிமர் படலத்தை டெஃப்லான் வளையத்தில் இழுத்துக் கட்டிய மூடி. ஆக்சிஜனும் கார்பன் டைஆக்சைடும் கடக்கும், நீராவியும் பூஞ்சையும் கடக்காது. அந்த மூடியால் வலைகள் ஓராண்டுக்கு மேல் உயிரோடு துடித்தன. இந்தத் துறையில் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பலன் தந்த பொருள் வேறில்லை.

பதிவில் இரைச்சல் வந்தால் எங்கே பார்ப்பது? எல்லாச் சேனலிலும் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் என்றால் ஒப்பீட்டு மின்முனை திரவத்தில் முழுகியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு சேனல் என்றால் தட்டின் ஓரத் தொடுமுனை அழுக்கு. ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தால் பாதிச் சேனல்கள் திரும்பி வரும். இன்குபேட்டரிலிருந்து எடுத்த உடனே பதியாதீர்கள், அந்த அசைவே துடிப்பை மாற்றும். பத்து நிமிடமாவது விடுங்கள். மீடியம் மாற்றிய அன்றும் பதியாதீர்கள்.

தூண்டும்போது முதலில் ஒரு திசை, உடனே எதிர்த்திசை, ஒவ்வொன்றும் 200 மைக்ரோசெகண்ட் அளவு, 1 வோல்ட்டுக்குள். தாண்டினால் தண்ணீர் பிளந்து குமிழி வரும், மின்முனையும் கெடும். சில நூறு மில்லிவோல்ட் கொடுத்த கையோடு 50 மைக்ரோவோல்ட்டை அளக்க வேண்டியிருப்பதால் பெருக்கி நிலைகுலைந்து சில மில்லிசெகண்ட் குருடாகிவிடும். நேரடியாகத் தூண்டப்பட்ட துடிப்பு வருவதும் அந்தச் சில மில்லிசெகண்டில்தான். தூண்டும் கணத்தில் பெருக்கியைத் துண்டித்துவைக்கும் சுவிட்ச் இல்லாத கருவியை வாங்காதீர்கள்.

வியாழன், ட்யூபிங்கன்

ரோய்ட்லிங்கனிலிருந்து கால் மணி நேரத்துக்குள் ட்யூபிங்கன். சிப் தட்டிலிருந்து மனிதக் கண்ணுக்குள் போன ஊர். எபர்ஹார்ட் ஸ்ரென்னர் தலைமையில் உருவான விழித்திரைச் சிப் 3 மில்லிமீட்டர் சதுரம், 70 மைக்ரோமீட்டர் தடிமன். 1,500 புள்ளிகள், ஒவ்வொன்றிலும் ஓர் ஒளி உணரி, ஒரு பெருக்கி, ஒரு மின்முனை. ஒளி உணரும் செல்கள் செத்துப்போன விழித்திரைக்கு அடியில் அதைச் செருகினார்கள். 2013இல் ஐரோப்பிய விற்பனை அனுமதி கிடைத்தது. பார்வையிழந்த சிலர் விளக்கு எங்கே, ஜன்னல் எங்கே என்று கண்டார்கள், சிலர் பெரிய எழுத்துகளைப் படித்தார்கள்.

தட்டில் நன்றாக ஓடும் சிப் உடலில் ஏன் தடுமாறுகிறது? உடலின் உப்புநீர் சிப்பின் ஓரத்திலும் கம்பி சேரும் இடத்திலும் நுழைந்துகொண்டே இருக்கும். மின்னழுத்தம் இருக்கும் இடத்தில் ஈரம் வந்தால் உலோகம் அரிக்கிறது. முதல் தலைமுறைச் சிப்பின் ஆயுளைத் தீர்மானித்தது நரம்பு அல்ல, மூடுபடலம். அடுத்த தலைமுறையில் ஆயுள் கணிசமாக நீண்டது. ஆனாலும் 2019இல் அதைத் தயாரித்த நிறுவனம் மூடப்பட்டது. கண்ணுக்குள் சிப்பை ஏந்தியிருப்பவர்களுக்கு உற்பத்தியாளர் இல்லாமல் போவது சிறிய விஷயம் அல்ல. உடலுக்குள் வைக்கும் எந்தச் சிப்புக்கும் அனுமதி தரும்போதே, நிறுவனம் மறைந்தால் பராமரிப்பு யார் பொறுப்பு என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

வெள்ளி, பாசல்

கார்ல்ஸ்ரூஹே வழியாக வந்தால் பாசலின் பாடன் நிலையம். சுவிட்சர்லாந்து மண்ணில் ஜெர்மன் ரயில்வே நடத்தும் நிலையம் இது. ஈடிஎச் சூரிக் பல்கலைக்கழகத்தின் உயிர்ப்பொறியியல் துறை இந்த ஊரில் இருக்கிறது. ஆண்ட்ரியாஸ் ஹியர்லமான் குழு 2014இல் வெளியிட்ட சிப்பில் 26,400 மின்முனைகள், 17.5 மைக்ரோமீட்டருக்கு ஒன்று. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் படிக்க முடியாது: ஒவ்வொரு மின்முனைக்கும் அடியில் நல்ல பெருக்கி வைக்க இடம் போதாது, சின்னப் பெருக்கி வைத்தால் இரைச்சல். ஆகவே மின்முனைகளுக்கு அடியில் சுவிட்ச் வலை, ஓரத்தில் 1,024 தரமான பெருக்கிகள். எந்த 1,024 வேண்டும் என்று மென்பொருளில் தேர்ந்தெடுக்கலாம். இரைச்சல் 2.4 மைக்ரோவோல்ட், முழுச் சிப்பும் 75 மில்லிவாட். இந்த வாட் கணக்கும் முக்கியம்: சிப்பின் சூடு செல்லை நேராகத் தாக்கும்.

சிப் தொழிற்சாலையிலிருந்து வரும்போது அதன் தொடுமுனைகள் அலுமினியம். உப்புத்தண்ணீரில் அலுமினியம் நிலைக்காது. அதனால் பிறகு பிளாட்டினம் படிய வைத்து, சிலிக்கான் ஆக்சைடும் நைட்ரைடும் மாறி மாறி அடுக்கி மூடுகிறார்கள். ஒரு அடுக்கின் ஊசித்துளை மேல் அடுத்த அடுக்கின் ஊசித்துளை விழாது என்ற நம்பிக்கையில்தான் இந்த அடுக்கு. மின்முனையின் திறப்பை அலுமினியத்துக்கு நேர்மேலே வைக்காமல் பக்கவாட்டில் தள்ளி வைப்பதும் அதே காரணத்தால்தான்.

பயன்படுத்துகிறவர்கள் மறக்கக்கூடாத ஒன்று: சிலிக்கான் ஒளியை உணரும். நுண்ணோக்கி விளக்கு எரிந்துகொண்டிருந்தால் சிப்பில் ஒளிமின்னோட்டம் பாய்ந்து பதிவு சாயும். பார்த்த பின் விளக்கை அணைத்துப் பதியுங்கள். வட்டு இடமும் பார்த்துக்கொள்ளுங்கள்: 1,024 சேனல், நொடிக்கு 20,000 மாதிரி (அளவீடு), மாதிரிக்கு 2 பைட் என்றால் நொடிக்கு 41 மெகாபைட், மணிக்கு 147 கிகாபைட். துடிப்பைச் சுற்றிய சில மில்லிசெகண்டை மட்டும் சேமிப்பதே பெரும்பாலான வேலைக்குப் போதும்.

இத்தனை நெருக்கமான மின்முனைகள் எதற்கு என்று கேட்டால், ஆக்ஸானுக்காக. செல்லின் உடல் தரும் சிக்னல் எந்தத் தட்டிலும் தெரியும். அதிலிருந்து புறப்பட்டுத் துடிப்பைக் கடத்தும் நீண்ட இழையான ஆக்ஸானின் தடிமன் 1 மைக்ரோமீட்டருக்கும் குறைவு, சிக்னல் சில மைக்ரோவோல்ட்தான், இரைச்சலில் முழுகிவிடும். அதே செல்லை 100 முறை தூண்டி, தூண்டிய கணத்தை வைத்து வரிசைப்படுத்திச் சராசரி எடுத்தால் இரைச்சல் பத்திலொரு பங்காகும், 2.4 மைக்ரோவோல்ட் 0.24 ஆகும். அப்போது துடிப்பு ஆக்ஸானில் ஓடும் பாதை மின்முனைக்கு மின்முனை திரையில் தெரியத் தொடங்கும். 2013இல் டக்ளஸ் பாக்கம் இங்கே முந்தைய தலைமுறைச் சிப்பில் இதைச் செய்துகாட்டினார். மயலின் என்ற கொழுப்பு உறையற்ற இந்த ஆக்ஸான்களில் துடிப்பு நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் போகிறது என்று கொண்டால், ஒரு மாதிரிக்கும் அடுத்ததற்கும் நடுவே உள்ள 50 மைக்ரோசெகண்டில் அது 25 மைக்ரோமீட்டர் நகரும், அதாவது ஏறக்குறைய ஒன்றரை மின்முனை தூரம். மின்முனையை இன்னும் நெருக்க விரும்புகிறவர்கள் மாதிரி வேகத்தையும் கூடவே ஏற்ற வேண்டும். ஒன்றை மட்டும் கூட்டினால் கோப்பின் அளவுதான் பெருகும்.